கடற்கரைக்காரர்கள் மேல்மலை ஏரிக்கரையில் மூன்று இரவு தங்குவது எப்படி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்தில் விசைப்படகு வைத்திருக்கும் வீடுகளில் ஆண்கள் அந்த 61 நாளும் கரையில்தான் இருப்பார்கள். பிள்ளைகளுக்கும் பள்ளி விடுமுறை. கொடைக்கானல் பேச்சு அப்போதுதான் எழும். வேன் பிடித்து, விடியுமுன் புறப்பட்டு, தூண்பாறை, கோக்கர்ஸ் வாக், படகுத்துறை என்று ஒரே பகலில் ஓடி, வளைவுக்கு ஒரு பிள்ளை வாந்தியெடுத்து, நள்ளிரவில் வீடு வந்து சேர்வார்கள். மறுநாள் கேட்டால் பார்த்தது எதுவும் ஒழுங்காக நினைவில் இருக்காது. இந்தப் பயணத்தை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

நான் சொல்வது வேறு பயணம். கொடைக்கானலைத் தாண்டி மேல்மலைக் கிராமங்களில் ஏதாவது ஓர் ஏரிக்கரையில், மரத்தால் கட்டிய சின்னக் குடிலில், மூன்று இரவு ஒரே இடத்தில் தங்குவது. எங்கள் வீட்டில் மாமியார், நாத்தனார் குடும்பம், கொழுந்தன் குடும்பம், பிள்ளைகள் என எல்லோரையும் இப்படித்தான் கூட்டிப் போகிறேன். மூன்று இரவு என்பதற்குக் காரணம் இருக்கிறது. முதல் இரவு குளிரில் யாருக்கும் சரியான தூக்கம் இருக்காது. இரண்டாம் நாள்தான் உடம்பு குளிருக்குப் பழகும். மூன்றாம் நாள் காலையில்தான் பிள்ளைகள் ஏரியையும் காட்டையும் நின்று பார்ப்பார்கள்.

நம்மவர்களிடம் ஓர் எண்ணம் இருக்கிறது: கடலையே பார்த்தவர்களுக்கு மலை எம்மாத்திரம், தண்ணீரும் காற்றும் நெருப்பும் இருட்டும் நமக்குப் பழகியவைதானே என்று. அந்த நான்கும் மலையில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். இந்த வழிகாட்டியை நான் எழுதுவதே அதைச் சொல்வதற்காகத்தான்.

எப்போது, எங்கே

தடைக்காலத்தில் போவதென்றால் மே மாதத்து சனி, ஞாயிறைத் தவிர்த்துவிடுங்கள். கொடைக்கானலுக்கு வெளியூர் வாகனத்தில் போக 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். கட்டணம் இல்லை, இணையத்தில் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் உயர் நீதிமன்ற உத்தரவால் 2025 கோடையில் நாளொன்றுக்கு இத்தனை வாகனங்கள்தான் என்று வரம்பும் வந்தது. வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000. அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஜூன் முதல் வாரத்தில் கூட்டம் குறையத் தொடங்கும். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று மலைக்கு மேகத்தைக் கொண்டுவரும். தடைக்காலம் முடியவும் சில நாள் மிச்சமிருக்கும். எனக்குப் பிடித்த நேரம் அதுதான்.

கடலுக்குப் போகாத குடும்பங்கள் பொங்கல் கழிந்து பிப்ரவரி வரை போகலாம். வானம் தெளிவாக இருக்கும், குளிர் கடுமையாக இருக்கும். ஏரிக்கரைப் புல்லில் உறைபனி படிவதும் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம். நமக்கு மழை கொடுக்கும் வடகிழக்குப் பருவமழை அங்கேயும் கொட்டும். மலைப்பாதையில் மண் சரியும், மரம் விழும்.

இடத்துக்கு வருவோம். கொடைக்கானல் பேருந்து நிலையத்திலிருந்து பூம்பாறை சுமார் 20 கிலோமீட்டர். அதையும் தாண்டிப் போனால் மன்னவனூர், கூக்கால். இரண்டு ஊரிலும் ஏரி உண்டு. மன்னவனூரில் மத்திய அரசின் ஆட்டுப் பண்ணையும் புல்வெளியும் இருப்பதால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். கூக்கால் பக்கம் அமைதி அதிகம். பேரிஜம் ஏரியின் பெயரையும் யாராவது சொல்வார்கள். அது காப்புக்காட்டுக்குள் இருக்கிறது. வனத்துறை அனுமதி பெற்றுப் பகலில் பார்த்துவிட்டு வரலாம். அங்கே தங்க வைக்கிறோம் என்று சொல்கிறவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இந்த மலைக்காட்டின் பெரும்பகுதி 2013இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயத்தில் வருகிறது. 600 சதுர கிலோமீட்டருக்கும் மேல். நமக்கு இது புதிதல்ல. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்காதான். அனுமதியில்லாமல் அங்கே இறங்கக் கூடாது என்று நம் பிள்ளைகளுக்கும் தெரியும். தீவுக்குள்ள அதே ஒழுங்கு காட்டுக்கும் உண்டு என்று சொல்லிக் கூட்டிப் போங்கள்.

தொலைபேசியில் கேட்க வேண்டியவை

படத்தைப் பார்த்து முன்பதிவு செய்வதை நான் ஏற்பதில்லை. வீட்டுக்காரரிடம் பேச வேண்டும். "குடிலின் வாசலிலிருந்து ஏரிக்கரைக்கு எத்தனை நிமிட நடை?" என்பது முதல் கேள்வி. ஏரிக்கரைக் காட்டேஜ் என்று சொல்லிவிட்டு, மலை உச்சியிலிருந்து ஏரி ஒரு தட்டளவு தெரியும் இடத்தைக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அனுமதி பெற்ற இடம்தானா, வாகனம் வாசல் வரை வருமா, கடைசித் துண்டுக்கு ஜீப் எடுக்க வேண்டுமா, அதற்கு யார் காசு என்று கேளுங்கள். கழிப்பறை உள்ளேயா வெளியேயா என்பதை வயதானவர்கள் வருகிற வீட்டார் கட்டாயம் கேட்க வேண்டும். இரவு இரண்டு மணிக்குப் பனியில் நாற்பது அடி நடப்பது மாமியாருக்கு முடியாது. வெந்நீர் விறகு பாய்லரிலா, மின்சாரத்திலா? மின்சாரம் என்றால் மழையில் எத்தனை மணி நேரம் நிற்கும்? நாமே சமைக்க அடுப்பும் பாத்திரமும் உண்டா? பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் எந்த ஊரில்? அரசு மருத்துவமனை கொடைக்கானல் நகரத்தில் இருக்கிறது. மேல்மலையிலிருந்து இரவில் அங்கே வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதை மனதில் வைத்துத்தான் இதயநோய், ஆஸ்துமா உள்ளவர்களைக் கூட்டிப் போவதா என்று மருத்துவரிடம் கேட்டு முடிவெடுக்க வேண்டும்.

இத்தனையும் பொறுமையாகப் பதில் சொல்கிறவர் இருக்கிறார் என்றால் அவர் இடத்தில் தங்குங்கள். எரிந்து விழுகிறவர் இரவில் கதவைத் தட்டினால் எழுந்து வரமாட்டார்.

போகிற வழி

நம் பக்கத்துப் பேருந்து மதுரை மாட்டுத்தாவணியில் இறக்கிவிடும். கொடைக்கானல் வண்டி ஆரப்பாளையத்தில் நிற்கும். இடையே நகரப் பேருந்து அல்லது ஆட்டோ. புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்த பிறகு ராமேஸ்வரத்திலிருந்தே மதுரைக்கு ரயிலும் இருக்கிறது. வயிற்றுக்கு இதமானது அதுதான். வத்தலக்குண்டில் இட்லி மட்டும் சாப்பிடுங்கள். அங்கிருந்து மலை ஏறத் தொடங்கும். கடல்மட்டத்தில் காலையில் எழுந்த உடம்பு மாலையில் 2,100 மீட்டர் உயரத்தில் நிற்கப்போகிறது. காது அடைக்கும், பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்து விழுங்கச் சொன்னால் திறந்துவிடும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுபோகாதீர்கள். ஐந்து லிட்டருக்குக் குறைவான பாட்டில் ஒவ்வொன்றுக்கும் 20 ரூபாய் பசுமை வரி வாங்குகிறார்கள். எவர்சில்வர் பாட்டில் போதும்.

பையில் என்ன

நம் வீடுகளில் கம்பளி ஆடை கிடையாது, தேவையும் இல்லை. அதனால் ஒரு தடித்த ஸ்வெட்டர் வாங்கிவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறோம். ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று மெல்லிய துணி போடுவதுதான் குளிரைத் தடுக்கும். உள்ளே பனியன், மேலே முழுக்கைச் சட்டை, அதற்கு மேல் ஸ்வெட்டர். நனைந்த பருத்தித் துணியை உடனே மாற்றிவிட வேண்டும். ஆளுக்கு இரண்டு ஜோடி காலுறை, பிள்ளைகளுக்குக் காதை மூடும் குல்லாய். டார்ச் விளக்கு ஆளுக்கொன்று, கைபேசி வெளிச்சத்தை நம்ப வேண்டாம். கல் உப்பு ஒரு சின்னத் துணியில் முடிந்து வையுங்கள். மழைக்காலப் புல்லில் அட்டை ஏறும். அந்த முடிச்சை நனைத்து ஒற்றினால் தானாக விழுந்துவிடும். வாலிநோக்கத்து உப்பை மேல்மலைக்குச் சுமந்துபோவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

சமையலுக்கு வருகிறேன். பிரஷர் குக்கரைக் கண்டிப்பாக எடுத்துப் போங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிப்பதைப் பார்த்து, சோறு வெந்திருக்கும் என்று திறந்தால் நடுவில் அரிசி அப்படியே இருக்கும். திறந்த பானையில் பருப்பு வேக வெகுநேரம் ஆகும். அரிசியை அரை மணி நேரம் ஊறவையுங்கள், குக்கரில் வழக்கத்தைவிட இரண்டு விசில் கூட்டுங்கள்.

மூன்று நாள் மீன் இல்லாமல் நம் வீட்டு ஆண்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள். நெத்திலிக் கருவாடு கொண்டுபோங்கள், ஆனால் இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவில். பூம்பாறையில் மலைப்பூண்டு வாங்குங்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு அது. சிறிய பல், மணமும் காரமும் அதிகம். நம் கருவாடும், அந்தப் பூண்டும், அங்கே விளைந்த உருளைக்கிழங்கும் சேர்ந்த குழம்புக்கு நிகராக இரண்டு ஊரிலும் ஒன்றும் கிடையாது என்பது என் தீர்மானம். மதியத்திலேயே சமைத்துச் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, கழிவைக் கட்டி உள்ளே வைத்துவிட வேண்டும். இருட்டிய பிறகு கருவாட்டு மணம் வெளியே கிடந்தால் காட்டுப்பன்றி வரும்.

தண்ணீர்

இங்கே கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள்.

நம் பிள்ளைகள் நடக்கக் கற்கும்போதே நீந்தக் கற்றவர்கள். அந்தத் துணிச்சல்தான் மலை ஏரியில் ஆபத்து. பாக் நீரிணைப் பக்கத்து வடகடலை எடுத்துக்கொள்ளுங்கள். கரையிலிருந்து வெகுதூரம் முழங்கால் அளவுதான். மணல் மெல்ல மெல்லத்தான் இறங்கும். எங்கே ஆழம் என்று காலே சொல்லிவிடும். மலை ஏரிகள் பள்ளத்தாக்கில் நீரைத் தேக்கியவை. கரையிலிருந்து இரண்டு அடி வைத்தால் மூன்றாம் அடிக்குத் தரை இருக்காது. அடியில் மணல் இல்லை, சேறு. காலை விட்டால் முழங்கால் வரை பிடித்துக்கொள்ளும். மூழ்கிய மரங்களின் அடிக்கட்டைகளும் நீர்ப்பாசிக் கொடிகளும் மேலேயிருந்து பார்த்தால் தெரியாது.

அடுத்தது, மிதப்பது. ஒரு லிட்டர் கடல்நீர் சுமார் 1,025 கிராம் எடை. நல்ல தண்ணீர் 1,000 கிராம். அந்தக் கூடுதல் எடைதான் கடலில் நம்மைத் தாங்குகிறது. உப்பில்லாத தண்ணீரில் உடம்பு இன்னும் தாழ்ந்து நிற்கும். மல்லாந்து கிடந்து இளைப்பாறிப் பழகியவருக்கு மூக்கு வரை தண்ணீர் வரும். தண்ணீருக்குள் களைத்துப்போனவருக்கு அந்தச் சிறு வித்தியாசம் போதும்.

எல்லாவற்றையும் விடக் குளிர் பொல்லாதது. நம் கடல் வருடத்தில் பெரும்பாலும் 25 டிகிரிக்கு மேல் இருக்கும். குளிர்ந்த நீரில் திடீரென்று இறங்கினால் நெஞ்சு தானாக இழுத்து மூச்சு வாங்கும். அதை அடக்க முடியாது. அந்த நொடியில் முகம் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீர்தான் உள்ளே போகும். என் கொழுந்தன் சங்கு குளிக்கிறவர். மூச்சடக்குவது அவர் தொழில். ஏரியில் இடுப்பளவு இறங்கியதும் அவருக்கே மூச்சு பிடிபடவில்லை. கரையேறி, கம்பளியைச் சுற்றிக்கொண்டு, பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, "இந்தத் தண்ணீரில் எவனாவது கால் வைத்தால் என்னோடு பேசக் கூடாது" என்றார். நான் ஒரு மணி நேரம் சொல்லியும் கேட்காத பிள்ளைகள் அவர் சொன்ன ஒரு வார்த்தைக்குக் கட்டுப்பட்டார்கள். உங்கள் வீட்டிலும் கடலில் பெயரெடுத்த ஒருவர் இருப்பார். அவரைக் கொண்டே சொல்லவையுங்கள்.

ஆகவே நீச்சல் கிடையாது. பரிசல், படகு என்றால் அனுமதி பெற்று ஓட்டுகிற இடத்தில் மட்டும், மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு. வல்லம் ஓட்டத் தெரிந்தவர் பரிசல் துடுப்பைப் பிடுங்கிக்கொள்ள ஆசைப்படுவார். வட்டமான பரிசல் நம் துடுப்புக்கு நின்ற இடத்திலேயே சுற்றும். அதை ஓட்டுவது தனிக் கை. தூண்டிலையும் வீச்சுவலையையும் ஊரிலேயே விட்டுவிடுங்கள். அனுமதி இல்லாமல் அந்த ஏரிகளில் மீன் பிடிக்கக் கூடாது. சோப்பும் ஷாம்பும் கரையில் வேண்டாம். இந்த மலையின் தென்சரிவில் பேரிஜத்துப் பக்கம் பெய்யும் மழை வராக நதியாகப் பெரியகுளம் வழியே இறங்கி வைகையில் சேர்கிறது. வைகை நம் ராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பி, மிஞ்சினால் ஆற்றங்கரையில் கடலைத் தொடுகிறது. நம் வீட்டுத் தண்ணீர் பிறக்கிற மலை அது.

நெருப்பும் காற்றும்

நம் வீடுகளில் காற்று ஓயாமல் ஓடும். ஓலை வேய்ந்த வீட்டில் உள்ளே அடுப்பு எரிந்தாலும் புகை கீற்று வழியே வெளியேறிவிடும். மலைக்குடில் அப்படியல்ல, குளிர் புகாமல் எல்லா இடுக்கும் அடைத்துக் கட்டியது. அதற்குள் கரி அடுப்பையோ, கறி சுட்ட கனல் தட்டையோ கதகதப்புக்காக எடுத்துவந்து கதவைச் சாத்திப் படுத்தால் காலையில் யாரும் எழமாட்டார்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூங்குகிறவருக்கு மூச்சுத் திணறுவதே தெரியாது. கொடைக்கானல் விடுதிகளில் இப்படி இளைஞர்கள் இறந்திருக்கிறார்கள். எத்தனை குளிரானாலும் கனல் வெளியே, ஆட்கள் உள்ளே. ஒரு சன்னலை விரலளவு திறந்துவிட்டு, இரண்டு கம்பளியைக் கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள். படுக்கப் போகுமுன் வெந்நீரில் கால் நனைத்துத் துடைத்துக் காலுறை போட்டால் தூக்கம் வரும்.

வெளியே நெருப்பு மூட்டுவது என்றால் வீட்டுக்காரர் காட்டிய குழியில், பக்கத்தில் இரண்டு வாளி தண்ணீருடன். கோடையில் காற்றடிக்கும் நாளில் அதுவும் வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். காய்ந்த புல் எவ்வளவு வேகமாகப் பற்றும் என்பது கடற்கரையில் வளர்ந்த நமக்குக் கண்ணால் பார்த்துத் தெரியாது. பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்களிடம் இதை மட்டும் கண்டிப்புடன் சொல்லிவிடுங்கள்.

இருட்டு, மூடுபனி, காட்டுமாடு

கடலில் திசை தெரிந்தவர் காட்டிலும் வழி கண்டுபிடிப்பார் என்று நம்பாதீர்கள். நட்சத்திரத்தை மரம் மறைக்கும். காற்று பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு திரும்பும். வாடையா கச்சானா என்று முகத்தில் உணர்ந்து திசை சொல்ல முடியாது. மூடுபனி வந்தால் பத்தடி தூரத்து ஆள் தெரியமாட்டார். அப்போது நடக்காமல் நின்ற இடத்திலேயே நில்லுங்கள், குரல் கொடுங்கள், பெரும்பாலும் சற்று நேரத்தில் விலகிவிடும். ஊர்க்காரர் ஒருவர் துணையில்லாமல் சோலைக்குள் போகாதீர்கள்.

காட்டுமாடு வீட்டு முற்றம் வரை வரும். பார்க்கச் சாதுவான மாடு போல நின்று புல் மேயும். ஆயிரம் கிலோ வரை எடையுள்ள விலங்கு அது. திரும்பினால் ஓடித் தப்ப முடியாது. கல் எறிவது, விளக்கடிப்பது, பக்கத்தில் நின்று படம் எடுப்பது எதுவும் கூடாது. உள்ளே போய்க் கதவைச் சாத்துங்கள், அதுவாகப் போய்விடும். மாலை ஆறு மணிக்கு மேல் பிள்ளைகள் வாசற்படியைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

பகலில் என்ன செய்வது

ஒன்றும் செய்யாமல் இருக்கக் கூச்சப்படாதீர்கள். விடியற்காலையில் ஏரிமேல் ஆவி எழும். வெயில் ஏற ஏற அது கலையும். ஒரு மணி நேரம் அதைப் பார்க்கலாம். மதியத்துக்கு முன் ஊர்க்காரர் ஒருவருடன் சோலை ஓரம் நடந்துவாருங்கள். உயரமில்லாத, பாசி படர்ந்த, நெருங்கி நிற்கும் மரங்கள்தான் சோலை. மழையைப் பிடித்து வைத்து ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது அதுவும் சுற்றியுள்ள புல்வெளியும்தான். பைன், யூகலிப்டஸ், சீகை (வாட்டில் மரம்) எல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. தோல் பதனிடும் பட்டைக்காக வந்த சீகை மரம் புல்வெளியை விழுங்கிக்கொண்டிருக்கிறது. விறகுக்காக வந்த சீமைக்கருவேலம் ராமநாதபுரத்துக் கண்மாய்களை என்ன செய்தது என்று பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள், மறக்கமாட்டார்கள்.

திரும்பும்போது

நான்காம் நாள் காலை சாப்பிட்டவுடன் புறப்படுங்கள். மூடுபனியும் இருட்டும் சேரும் மாலையில் மலை இறங்கக் கூடாது. சொந்த வண்டி என்றால் ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக்கை மிதித்தபடியே வந்தால் வத்தலக்குண்டு வருமுன் கருகல் வாடை அடிக்கும். நம் குப்பை எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டி மதுரை வரை கொண்டுவந்துவிடுங்கள். மேல்மலையில் அதை விட்டு வந்தால் காட்டுமாடு மேயும். பூண்டு, கேரட், பருவமானால் பிளம்ஸ் ஆகியவற்றைப் பூம்பாறையிலேயே வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்வெட்டர், குல்லாய், காலுறைகளை நல்ல தண்ணீரில் அலசி, கடல் காற்று நேராக அடிக்காத கொல்லைப்புறத்தில் இரண்டு வெயில் காயவிடுங்கள். நம் உப்புக் காற்றின் ஈரத்தோடு மடித்துப் பெட்டியில் வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும். நன்றாக மொறுமொறுவென்று காய்ந்த பிறகு, வேப்பிலைச் சருகு நான்கு போட்டு, அடுத்த தடைக்காலம் வரை டிரங்குப் பெட்டியில் வைக்கலாம்.